பருந்துக் கணக்கின் வரலாறு

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக மதித்த மரபு தமிழருடையது. நெல்லை மரக்காலால் அளந்தனர். நிலத்தைக் கோலால் அளந்தனர். கோள்களின் ஓட்டத்தைக் கணித்துப் பஞ்சாங்கம் வகுத்தனர். மலாயாத் தோட்டங்களில் குடியேறிய பின்னரும் அவர்தம் வாழ்வு எண்ணிக்கையோடுதான் விடிந்தது. பொழுது புலருமுன் நடந்த பெரட்டில் கிராணியார் ஆளெண்ணிப் பேர் பதிந்தார். பேர் பதிந்தவருக்கே அன்றைய கூலி. ஆகவே கணக்கில் இருப்பதற்கும் இல்லாமற்போவதற்கும் உள்ள வேறுபாட்டை நம்மவர்க்கு எவரும் எடுத்துக்காட்ட வேண்டுவதில்லை.

எனினும், நம் தலைக்கு மேலே ஆண்டுதோறும் நடைபெறும் ஒரு பெரும் பெரட்டை நம்மில் பலர் கண்டதில்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை வடக்கேயிருந்து தெற்கு நோக்கியும், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தெற்கேயிருந்து வடக்கு நோக்கியும் பல்லாயிரம் பருந்துகளும் வல்லூறுகளும் இத்தீபகற்பத்தின் வான்வழியே கடந்து செல்கின்றன. அவற்றை எண்ணும் பணி எங்ஙனம் தோன்றியது, யாரால் வளர்ந்தது, அதனால் விளைந்த பயன் யாது என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

தமிழர் கண்ட பருந்து

பருந்து தமிழருக்குப் புதிய பறவையன்று. எருவை, பருந்து, எழால் என்று ஊனுண்ணும் பறவைகளைப் பிரித்துப் பெயரிட்டு வழங்கியது சங்க இலக்கியம். உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்பது இன்றும் வழங்கும் பழமொழி. கோயில் குடமுழுக்கின்போது கலசத்துக்கு மேலே கருடன் வட்டமிட வேண்டுமென்று ஆயிரக்கணக்கான மக்கள் அண்ணாந்து காத்திருப்பது பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் காணக்கூடிய காட்சியே. கிள்ளான் துறைமுகத்தை அடுத்த கழிமுகத்தில் செம்பருந்து உண்டு; ஆதலின் அக்காத்திருப்பு பெரும்பாலும் வீண்போவதில்லை.

ஆனால் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். நம் முன்னோர் பருந்தை ஒற்றைப் பறவையாகவே நோக்கினர். ஒரு கருடன் வந்தால் நற்குறி, வராவிடின் மனக்குறை. எத்தனை வந்தன, சென்ற ஆண்டைவிடக் கூடினவா குறைந்தனவா என்று கேட்கும் வழக்கம் எழவில்லை. இதன் விளைவைத் திருக்கழுக்குன்றத்திற் காணலாம். அம்மலைமேல் உச்சி வேளையில் குருக்கள் அளிக்கும் அமுதை உண்ணத் தலைமுறை தலைமுறையாக இரு கழுகுகள் வந்தன. அவை மஞ்சள் முகமுடைய வெண்ணிறப் பாறுக் கழுகுகள். 1990களின் இறுதிக்குப் பின் அவை வருவது நின்றுவிட்டது. வந்தவை இரண்டு என்பது நாடெங்கும் தெரியும். சுற்றுவட்டாரத்தில் அவ்வினம் எத்தனை இருந்தது, எந்த ஆண்டு முதல் தேய்ந்தது என்பதைக் காட்டும் தொடர்ந்த ஏடு மட்டும் இல்லை.

வழியும் காலமும்

மலாயா வானைக் கடக்கும் கூட்டங்களில் தலையாயது தேன் பருந்து. குளவிக் கூட்டையும் தேனடையையும் பிளந்து உள்ளிருக்கும் புழுவை உண்பதால் இப்பெயர் பெற்றது. இதனோடு சீன வல்லூறு, சப்பானிய வல்லூறு, சாம்பல் முகப் பருந்து, கருநிறமும் கொண்டையும் உடைய சிறு பருந்து ஆகியவையும் வருகின்றன. சைபீரியாவின் தென்பகுதி, சீனம், கொரியா, சப்பான் முதலிய நாடுகளில் கோடையில் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கியதும் இவை தெற்கே புறப்படுகின்றன. எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. வல்லூறுகள் முன்னே வரும். தேன் பருந்து நடுவில் மிகும். கொண்டையுடைய சிறு பருந்து அக்டோபர் இறுதியில் பெருங்கூட்டமாக வந்து சேரும்.

இவை சிறகடித்துப் பறந்தே இவ்வளவு தொலைவைக் கடப்பதில்லை. வெயில் ஏறியதும் சூடான நிலத்திலிருந்து வெப்பக் காற்று மேலெழும். பருந்து அதனுட் புகுந்து சிறகை விரித்துச் சுழன்று சுழன்று உயரும்; உச்சியை அடைந்ததும் சிறகை அசைக்காமல் சரிந்து அடுத்த காற்றுத் தூணை நோக்கிச் செல்லும். கடல்மேல் இத்தகைய காற்று வலுவாக எழுவதில்லை. ஆதலின் கடலைக் கடக்க நேர்கையில் அவை மிகக் குறுகிய இடத்தைத் தேடுகின்றன. அகன்ற ஆசிய நிலப்பரப்பிலிருந்து தெற்கே வரும் கூட்டங்களுக்கு மலாய்த் தீபகற்பம் ஒரு புனல் போல அமைந்திருக்கிறது. அதன் மேலைக் கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் தஞ்சோங் துவான் முனைக்கும் சுமத்திராவை ஒட்டிய ரூபாட் தீவுக்கும் இடையே மலாக்கா நீரிணை ஏறத்தாழ 38 கிலோமீட்டர் அகலமே உடையது.

சப்பானிய அறிஞர் ஹிரோயோஷி ஹிகுச்சியும் அவர் குழுவினரும் தேன் பருந்துகளின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தி, செயற்கைக்கோள் வழியாக அவற்றின் செலவைத் தொடர்ந்தனர். சப்பானிலிருந்து புறப்பட்டவை கீழைச் சீனக் கடலைக் கடந்து, சீனத்தின் ஊடே இந்தோசீனா வந்து, மலாய்த் தீபகற்பத்தின் வழியாகச் சுமத்திராவையும் அதற்கப்பாலுள்ள தீவுகளையும் அடைந்தன. ஒருவழிச் செலவு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். திரும்பும்போதோ கடலைத் தவிர்த்துக் கொரியா வழியாகச் சுற்றிச் சென்றன. போகும் வழியும் வரும் வழியும் ஒன்றல்ல என்பது இதனால் உறுதிப்பட்டது. ஓரிடத்தில் ஒரு பருவத்தில் எடுத்த கணக்கு மற்றப் பருவத்துக்குப் பொருந்தாமைக்கு இது ஒரு காரணம்.

கோலாலம்பூரின் பங்கு

மலாயாப் பறவை ஆராய்ச்சியின் தொடக்கத்தைத் தேடுவோர் பிரிக்பீல்ட்சின் எல்லைக்கே வரவேண்டும். அங்கே டமான்சாரா சாலையோரம் சிலாங்கூர் அரும்பொருளகம் இருந்தது. எச். சி. ராபின்சன் என்னும் ஆங்கிலேயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பொறுப்பேற்று, பின்னர்க் கூட்டு மலாய் மாநிலங்களின் அரும்பொருளகங்கள் அனைத்துக்கும் இயக்குநரானார். அவர் தொடங்கிய மலாய்த் தீபகற்பப் பறவை நூல் வரிசையின் முதற்பகுதி 1927இல் வெளிவந்தது. அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற சேசன், 1942இல் சிங்கப்பூரைவிட்டுத் தப்பும் முயற்சியில் கடலில் உயிரிழந்தார். அவ்வரிசையின் ஐந்தாம் பகுதி, மெட்வே பிரபுவும் டேவிட் வெல்சும் எழுதி 1976இல்தான் வெளிவந்தது.

அரும்பொருளகத்துக்கும் போர் தீங்கிழைத்தது. 1945 மார்ச்சில் நேச நாட்டு விமானங்கள் கோலாலம்பூர் இரயில்வே முற்றத்தைக் குறிவைத்துக் குண்டு வீசியபோது, அரும்பொருளகத்தின் ஒரு பகுதி தகர்ந்தது. அந்த இரயில்வேயில் உழைத்த தமிழர் குடியிருந்த பகுதியே பிரிக்பீல்ட்ஸ் என்பது வாசகர் அறிந்ததே. இன்று அவ்விடத்தில் 1963 ஆகஸ்டு 31இல் திறக்கப்பட்ட தேசிய அரும்பொருளகம் நிற்கிறது.

1940இல் மலாயா இயற்கைக் கழகம் தோன்றியது. தோட்டத் துரைமார், காட்டிலாகாவினர், போலீஸ் அதிகாரிகள் முதலியோரே அதன் தொடக்ககால உறுப்பினர். அவருள் மேடொக் என்னும் போலீஸ் அதிகாரி சப்பானியரால் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்தபடியே மலாயாப் பறவைகளைப் பற்றி ஓர் அறிமுக நூலைத் தட்டச்சில் ஆக்கினார். போருக்குப் பின் அது அச்சேறிப் பலருக்கும் பறவை நோக்கும் பயிற்சி அளித்தது. அக்கழகம் இன்று மலேசிய இயற்கைக் கழகம் எனப் பெயர் பெற்று, பிரிக்பீல்ட்சுக்கு அருகேயுள்ள புக்கிட் பெர்செக்குத்துவானில் தலைமையகம் கொண்டிருக்கிறது.

1960களில் ஆராய்ச்சி புதுவேகம் பெற்றது. எலியட் மெக்ளூர் என்னும் அமெரிக்கர் கோலாலம்பூரில் பணியாற்றிய பின்னர், வலசைப் பறவைகளின் வழியாக நோய் பரவுகிறதா என்று அறியும் பெருந்திட்டமொன்றை 1963 முதல் 1971 வரை நடத்தினார். சப்பான் முதல் இந்தோனேசியா வரை பல நாடுகளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு அத்திட்டத்தில் கால்வளையம் இடப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகம் 1965இல் உலு கொம்பாக்கில் கள ஆய்வு நிலையத்தை அமைத்தது. வலசை வரும் பறவைகளை நாள் குறித்து எழுதும் பழக்கம் இயற்கைக் கழக இதழின் ஆண்டறிக்கைகள் வழியாக வேரூன்றியது.

கொலைக்களம் காவற்களமான கதை

பருந்தை எண்ணும் பணிக்கு உலகில் முன்மாதிரி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உண்டு. அங்கே இலையுதிர் காலத்தில் பருந்துகள் ஒரு மலைத்தொடரை ஒட்டித் தாழப் பறக்கும். கோழியைத் தூக்கும் பகைவன் என்று கருதி மக்கள் மலையுச்சியில் நின்று அவற்றைச் சுட்டு வீழ்த்தினர். 1929 முதல் அம்மாநில அரசு, பருந்தில் ஓரினத்தைக் கொன்றவருக்குத் தலைக்கு 5 டாலர் பரிசும் அளித்தது. வீழ்ந்த பறவைகளை வரிசை வரிசையாகத் தரையில் கிடத்தி ஒருவர் படமெடுத்தார். அப்படங்களைக் கண்டு மனம் பதைத்த ரோசலி எட்ஜ் என்னும் அம்மையார், 1934இல் ஏறக்குறைய 1,400 ஏக்கர் மலைநிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். மாரிஸ் புரூன் என்பவரையும் அவர் மனைவியாரையும் காவலுக்கு அமர்த்தினார்.

காவலுக்கு வந்த புரூன் மலைமேல் அமர்ந்து, கடந்துசெல்லும் பருந்துகளை இனவாரியாக எண்ணி எழுதத் தொடங்கினார். துப்பாக்கி ஓய்ந்த இடத்தில் பென்சில் வேலை செய்தது. போரின்போது 1943 முதல் 1945 வரை மட்டும் தடைப்பட்ட அக்கணக்கு இன்றளவும் தொடர்கிறது.

அக்கணக்கின் பயன் கால் நூற்றாண்டு கழித்தே தெரிந்தது. 1935க்கும் 1939க்கும் இடையே அங்கே கடந்த வெண்டலைக் கழுகுகளில் 100க்கு 40 இளங்கழுகுகள். 1955க்கும் 1959க்கும் இடையே அது 100க்கு 20 ஆகக் குறைந்தது. முதிர்ந்தவை வந்துகொண்டிருந்தன, குஞ்சுகள் வரவில்லை. வெறுங்கண்ணால் பார்ப்பவருக்குக் கழுகு இருப்பதாகவே தோன்றும். இனம் அறுந்துவருவதை ஏடு ஒன்றே காட்டிற்று. 1962இல் ராச்சல் கார்சன் அம்மையார் பூச்சி மருந்துகளின் கேட்டை விளக்கிய தம் புகழ்பெற்ற நூலில் இக்கணக்கைச் சான்றாகக் காட்டினார். 1972இல் டிடிடி மருந்து அந்நாட்டில் தடை செய்யப்பட்டது.

இந்தியாவிலும் இதற்கொப்ப ஒரு நிகழ்ச்சி உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1990களின் தொடக்கத்தில் வீதிகளை ஒட்டிக் கழுகுகளை எண்ணி வைத்திருந்தனர். 2000ஆம் ஆண்டையொட்டி அதே வழிகளில் மீண்டும் எண்ணியபோது, பிணந்தின்னிக் கழுகுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டமை வெளிப்பட்டது. மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்தே காரணம் என 2004இல் அறிஞர் நிறுவினர். 2006இல் இந்திய அரசு மாட்டு வைத்தியத்தில் அதைத் தடுத்தது. முதற்கணக்கு இல்லையேல் இரண்டாம் கணக்குக்குப் பொருளே இராது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

எண்ணும் முறை

பருந்தை எண்ணுவது எளிதான செயலன்று. நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரே காற்றுத் தூணில் மேலும் கீழுமாகச் சுழலும்போது எண்ணினால், ஒன்றையே இருமுறை எண்ண நேரும். ஆதலின் அனுபவம் வாய்ந்தோர் சுழலை எண்ணுவதில்லை. சுழலின் உச்சியிலிருந்து அவை வரிசையாகச் சரிந்து செல்லும் தருணத்துக்காகக் காத்திருந்து எண்ணுகின்றனர். விரலால் அழுத்தினால் எண் ஒன்று கூடும் சிறு கருவியை ஒருவர் கையில் வைத்திருப்பார். மற்றொருவர் தொலைநோக்கியால் இனத்தை அறிந்து சொல்வார். மணிக்கு மணி தொகை எழுதப்படும். காற்றின் திசை, மேகத்தின் அளவு, மழை ஆகியவையும் அதே தாளில் இடம்பெறும். ஒரு பருந்தும் வராத மணிக்குச் சுழியம் எழுதப்படும். பார்க்கவில்லை என்பது வேறு, பார்த்தும் காணவில்லை என்பது வேறு; அந்தச் சுழியமே இரண்டையும் பிரித்துக் காட்டுவது.

இந்நாட்டில் வேறோர் இடர்ப்பாடும் உண்டு. தேன் பருந்தில் இங்கேயே வாழும் கிளையினமும் இருக்கிறது. மேலும் அப்பறவை பல நிறங்களில் தோன்றி வேறு கழுகினங்களை ஒத்திருக்கும். இலையுதிர்ப் பருவத்திலோ சுமத்திராக் காட்டுத்தீயின் புகைமூட்டம் வானை மறைப்பதுண்டு. 1997லும் 2015லும் கிள்ளான் பள்ளத்தாக்கில் அண்டை வீட்டுக் கூரையே மங்கித் தெரிந்த நாட்கள் பல. அத்தகைய ஆண்டில் குறைந்த தொகை எழுதப்பட்டால், பறவை குறைந்ததா பார்வை குறைந்ததா என்று ஆராய்ந்தே முடிவு கூற வேண்டும்.

தஞ்சோங் துவான்

கோலாலம்பூரிலிருந்து தெற்கே போர்ட்டிக்சனை அடுத்துள்ளது இம்முனை. நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருப்பினும் மலாக்கா மாநிலத்துக்கு உரியது. போர்த்துக்கீசியர் இதை ரச்சாடோ முனை என்றனர். 1606இல் ஒல்லாந்தரும் போர்த்துக்கீசியரும் இதன் அருகே கடற்போர் புரிந்தனர். இன்று காணப்படும் கலங்கரை விளக்கம் 1863இல் ஆங்கிலேயர் கட்டியது. கப்பலோட்டிகளுக்கு வழிகாட்டும் அதே முனைதான் பருந்துகளுக்கும் கரைகாட்டும் இடம்.

சுமத்திராவில் குளிர்காலத்தைக் கழித்த பருந்துகள் மார்ச்சில் நீரிணையைத் தாண்டி இங்கே கரையேறுகின்றன. கடல்மேல் தாங்கும் காற்று இன்மையால் சிறகடித்துக் களைத்து, மரவுச்சியைத் தொடுமளவுக்குத் தாழ வந்து, நிலக்காற்றுக் கிடைத்ததும் மீண்டும் சுழன்றேறும் காட்சி வேறெங்கும் எளிதிற் கிட்டாது. மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் இங்கே பருந்து நோக்கும் விழாவை நடத்தத் தொடங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து குடும்பத்தோடு மக்கள் செல்கின்றனர். தன்னார்வலர் பருவம் முழுவதும் அமர்ந்து எடுக்கும் கணக்கே அவ்விழாவின் உயிர். முனையைச் சூழ்ந்த சிறு காடு காக்கப்பட வேண்டுமென வாதிடுவோர் கையில் அக்கணக்கு வலிய சான்றாக இருக்கிறது. கரையேறிய பறவைக்கு இளைப்பாற மரமில்லையெனில் இவ்வழியால் பயனென்ன?

சும்போன் குன்றும் ஒரு பழைய துயரமும்

இலையுதிர் காலக் கணக்குக்குச் சிறந்த இடம் இன்னும் வடக்கே, தென் தாய்லாந்தின் சும்போன் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே நிலம் மிகக் குறுகியிருப்பதால் தெற்கே வரும் கூட்டம் முழுவதும் நெருங்கிக் கடக்கிறது. காவ் தின்சோர் என்னும் குன்றின்மேல் அமர்ந்து எண்ணுவோர் ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் பதிகின்றனர். அங்கே அக்டோபரில் எண்ணப்பட்ட பருந்து சில நாளில் நம் கூரைக்கு மேலே பறக்கக்கூடும்.

சும்போன் என்னும் பெயர் மலாயாத் தமிழர்க்கு வேறொரு வகையிலும் தொடர்புடையது. 1943இல் சப்பானியர் சும்போனிலிருந்து மேலைக் கரையை நோக்கிக் கிரா குறுநிலத்தின் குறுக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தனர். அதில் உழைத்தோர் மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்கள். தமிழரும் அவருள் இருந்தனர். அதைவிடப் பெரியதான சயாம் மரண இரயில் பாதையிலும் நம் தோட்டத்து மக்கள் ஆயிரமாயிரமாக மாண்டனர். அங்கே இருந்த ஆங்கில, ஆஸ்திரேலிய, ஒல்லாந்துப் போர்க்கைதிகளின் பெயர்களை அவர்தம் அதிகாரிகள் மறைவாகவேனும் எழுதி வைத்தனர். இன்று அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவர்க்கு அத்தகைய ஏடு இல்லை. மாண்டோர் எத்தனை பேர் என்பதற்கு மதிப்பீடுகளே உள்ளன. ஒருவர் கூறும் தொகைக்கும் மற்றவர் கூறும் தொகைக்கும் இடையே பல்லாயிரம் உயிர்கள் வேறுபடுகின்றன. தோட்டத்தில் இருந்தவரை நாள்தோறும் பெரட்டில் எண்ணப்பட்ட மக்கள், தோட்டத்தைவிட்டுக் கொண்டு செல்லப்பட்டதும் எண்ணுவாரின்றிப் போயினர்.

மனிதரின் துயரத்தையும் பறவையின் செலவையும் ஒரே தட்டில் வைப்பது நோக்கமன்று. ஆயினும் ஓர் உண்மை இரண்டுக்கும் பொது. கூலிக்காகவும் ஆதாயத்துக்காகவும் எண்ணுவோர், அத்தேவை தீர்ந்ததும் ஏட்டை மூடிவிடுகின்றனர். ஆதாயம் கருதாது, உயிர் இருக்கிறதா என்று அறிவதற்காகவே எண்ணுவோர் இருந்தால்தான் இழப்பு நேரும்போது உலகுக்கு அது தெரியவரும்.

முடிவுரை

தோட்டப்புறத்துக்கும் இதனால் பயனுண்டு. கோழிக்குஞ்சைத் தூக்குவது என்று எல்லாப் பருந்தையும் கல்லெறிந்து விரட்டுவது நம்மிடையே உள்ள பழக்கம். வலசை வரும் தேன் பருந்து கோழிக்குஞ்சை நாடுவதில்லை. குளவிக் கூட்டையே நாடுகிறது. செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கப் பெட்டி வைத்துக் கூகையை வளர்க்கும் முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. எலிக்கு வைக்கும் நஞ்சு அதை உண்ணும் கூகையையும் கொல்லும் என்பதை, கூடுகளை எண்ணி வந்தவர்களே கண்டறிந்தனர்.

பருந்துக் கணக்குக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. திறந்த வெளி, நல்ல கண், ஒரு நோட்டுப் புத்தகம், பொறுமை ஆகிய நான்கே போதும். அக்டோபர் மாதம் காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய வேளையில் பள்ளித் திடலில் மாணவரை அமர்த்தி ஒரு மணி நேரம் வானை நோக்கச் செய்யலாம். நாளும் நேரமும் காற்றும் எழுதி, கண்டதைக் கண்டபடியும் காணாததைச் சுழியமாகவும் பதியலாம். ஓராண்டுக் கணக்கால் ஒன்றும் விளங்காது. ஐந்தாண்டில் சிறிது விளங்கும். அம்மாணவர் பெற்றோராகும் காலத்தில் அந்நோட்டு வரலாற்று ஆவணமாகும். கருடனுக்காக அண்ணாந்து பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. இனி அதனோடு ஒரு பென்சிலையும் கையில் எடுத்துக்கொண்டால் போதும்.